பதினேழு நாள் மேசை

நீங்கள் இஸ்திரி போடுங்கள் அக்கா, எனக்காக நிறுத்த வேண்டாம். நான் பைனான்ஸ்காரன் இல்லை. போலீஸும் இல்லை. உங்கள் எதிர் வீட்டு ஆசாரியைப் பார்க்க வந்தேன், அவ்வளவுதான். ஆறு மணிக்கு வந்துவிடுவார் என்றீர்களே, அதுவரை இந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறேன். உங்கள் வாடிக்கைக்காரர் யாராவது வந்தால் எழுந்துவிடுகிறேன்.

என்னை மேலும் கீழும் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியதுதான். முன்பின் தெரியாத ஆள் வந்து ஒரு வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நானும் பார்ப்பேன். உங்களைவிட அதிகமாகவே பார்ப்பேன். "கோயில்ல விபூதி குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டுத்தான் வைப்பீங்க" என்று என் மனைவி சொல்வாள். அவள் சொல்வதில் பாதி உண்மை.

என் பேர் குமணன். இதே திருச்சியில் கே.கே. நகரில் வீடு. பதினெட்டு வருஷம் அமெரிக்காவில் இருந்துவிட்டு மூன்று வருஷம் முன்னால் திரும்பி வந்தேன். எட்டாவது வரை தமிழ்ப் பள்ளிக்கூடம், அதற்கப்புறம் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். அதனால் எதையும் இரண்டு தடவை யோசிக்கிற பழக்கம் உண்டு. ஒரு மொழியில் நம்புவேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு மொழியில் சந்தேகம் வரும். திரும்பி வந்ததும் பொழுது போக வேண்டுமே என்று மரவேலையில் இறங்கினேன். ரம்பம், உளி, இழைப்புளி எல்லாம் வாங்கிக் கார் நிறுத்துகிற இடத்தில் அடுக்கிவைத்தேன். எல்லாம் நல்ல சாமான்.

என்ன செய்தேன் என்றா கேட்கிறீர்கள்? இரண்டு பலகை வெட்டினேன். அது இருக்கட்டும்.

போனில் ஒரு குரூப் இருக்கிறது. மரச்சுருள் என்று பேர். என்னை மாதிரி ஆசைக்கு மரவேலை செய்கிறவர்களும், அதையே தொழிலாகச் செய்கிறவர்களுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பேர். காலையில் எழுந்ததும் ஆளாளுக்குப் படம் போடுவார்கள். முக்காலி, அலமாரி, கரண்டி, பூஜை மாடம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, கை வேலை மட்டும் தெரியும். அதில் போன வருஷம் நான் ஒரு மேசையை மேலேயும் அடியிலும் படம் எடுத்துப் போட்டேன். ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை, தேக்கு. "பதினேழு நாள். ஒரு ஆணி இல்லை." இவ்வளவுதான் கீழே எழுதினேன். நான் செய்தேன் என்று எழுதவே இல்லை அக்கா, வேண்டுமானால் போனைக் காட்டுகிறேன். யாரும் கேட்கவும் இல்லை.

ஆமாம், அந்த மேசைதான். உங்கள் எதிர் வீட்டுக்காரர் செய்தது.

செய்தது என்றால்? டிசைன் என்னுடையது. ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தில் பார்த்து நான் வரைந்து கொடுத்தது. மரம் நான் வாங்கியது. வேலை நடந்த இடம் என் இடம். கடைசியில் பாலிஷ் இரண்டு கோட் நான் போட்டேன். அறுத்தது, இழைத்தது, துளை போட்டது, கோத்தது மட்டும் அவர். ஒரு பாலம் கட்டினால் என்ஜினீயர் பேர்தானே கல்லில் இருக்கிறது? சித்தாள் பேரா இருக்கிறது? நீங்கள் ஏன் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டீர்கள், கருகப் போகிறது.

இப்போது நான் சொல்ல வந்தது அந்த மேசை இல்லை. ஞானதிரவியம் என்கிற ஆளைப் பற்றி.

அவரும் அந்தக் குரூப்தான். திசையன்விளைப் பக்கம். வாரத்துக்கு இரண்டு படம் போடுவார். எப்போதும் மூலை மட்டும். இரண்டு பலகை சேருகிற மூலையில் ஒன்றில் பல் வெட்டி, இன்னொன்றில் அந்தப் பல்லுக்கு இடம் வெட்டி, விரலோடு விரல் கோத்த மாதிரி இறக்குவார்கள். கஷ்டமான வேலை. அவர் போடுகிற மூலையில் மயிரிழை இடைவெளி இருக்காது. ஆனால் மூலை மட்டும்தான்! முழுச் சாமானை ஒரு தடவைகூடக் காட்டியதில்லை. "அண்ணே, முழுசா போடுங்கண்ணே" என்று யாராவது கேட்டால் ஒரு கும்பிடு பொம்மை போட்டுவிட்டுப் போய்விடுவார்.

உங்களுக்கு என்ன தோன்றுகிறது? எனக்கு உடனே தோன்றிவிட்டது. வேலை அவருடையது இல்லை. எங்கேயோ பாக்டரியில் மெஷின் வெட்டின மூலையைப் படம் எடுத்துப் போடுகிறார். இல்லையென்றால் யாரோ ஏழை ஆசாரி செய்ததைத் தன் பேரில் போடுகிறார். எனக்கு இந்த மாதிரி ஏமாற்று வேலை ஆகாது. அடுத்தவன் உழைப்பைத் தன்னுடையது என்று காட்டுகிறவனை விடக் கூடாது. நாற்பது படத்தைத் தனியாகச் சேர்த்துப் பெரிதாக்கிப் பல்லுக்குப் பல் அளந்தேன். எல்லாம் ஒரே அளவு. மனுஷக் கை அப்படி வெட்டுமா?

அப்போதுதான் அவரே ஒரு நாள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். "சார் ஒரு தடவ நம்ம பக்கம் வாங்க. ஒங்கள நேர்ல பாக்கணும்." என்னை மட்டும் ஏன்? இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் என்னை ஏன்? நான் அளந்தது தெரிந்துவிட்டதா? சரி, போய்ப் பார்த்துவிடுவோம், கையும் களவுமாகப் பிடித்து ஒரு வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டுவிடுவோம் என்று கிளம்பினேன். போன சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு. ஒரு பூதக்கண்ணாடி, அளக்கிற கருவி ஒன்று. குடிக்கத் தண்ணீர்கூட வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

திண்டுக்கல்லில் ஜெசிந்தா ஏறிக்கொண்டார். அவரும் குரூப்தான், தபால் ஆபீஸில் வேலை. மரக்கரண்டி செய்வார், அழகாக இருக்கும். நான் போகிறேன் என்று குரூப்பில் சொன்னதும், "நானும் வர்றேன் சார், எங்க வீட்டுக்காரரும் வருவாரு" என்றார். எனக்கு அதுவே இடித்தது. இவ்வளவு சுலபமாக யாராவது கிளம்புவார்களா? வீட்டுக்காரர் வந்தார், பின் சீட்டில் படுத்தார், தூங்கிவிட்டார். மதுரை வந்தது, விருதுநகர் வந்தது, மனுஷன் புரளவில்லை. தூங்குகிற மாதிரி நடித்து நாங்கள் பேசுவதைக் கேட்கிறாரோ என்று கண்ணாடியில் இரண்டு மூன்று தடவை பார்த்தேன்.

"என்ன குமணன் சார், ரோட்ட விட எங்க வீட்டுக்காரரத்தான் அதிகம் பாக்குறீங்க?" என்றார் ஜெசிந்தா.

"இல்ல மேடம், அசௌகரியமா படுத்திருக்காரோன்னு."

"அவருக்கு அசௌகரியமே கெடையாது சார். எங்க கல்யாணத்துலயே பாதிரியார் பிரசங்கம் முடியுற வரைக்கும் தூங்கினவரு."

கொஞ்ச தூரம் போனதும் பொரியை நீட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்கிறார்: "அந்த மேசைக்கு அந்த ஆப்பு வைக்கிற ஐடியா எப்புடி வந்துச்சு சார்?"

காலின் தலையில் நாக்கு மாதிரி ஒரு துண்டு விட்டு அதை மேல் பலகையின் துளை வழியாக மேலே தெரியும்படி இறக்கியிருந்தது. அந்த நாக்கு உருவி வராமல் இருக்க அதைப் பிளந்து உள்ளே ஒரு ஆப்பு. ஆப்பு நேராக இல்லாமல் சாய்வாக இருக்கும். என் வரைபடத்தில் ஆப்பே கிடையாது. உங்கள் எதிர் வீட்டுக்காரர் அவராகவே வைத்தது. நான்கூட, "ஏன் கோணலா வைக்கிறீங்க?" என்று சத்தம் போட்டேன். "இருக்கட்டும் சார்" என்றார். அதற்குமேல் அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

"அனுபவத்துல வர்றதுதான் மேடம்" என்றேன் ஜெசிந்தாவிடம்.

"ம்ம்" என்றார். அந்த "ம்ம்" எனக்குப் பிடிக்கவே இல்லை. திருநெல்வேலி வரை அதைப் பற்றியே யோசித்துக்கொண்டு ஓட்டினேன்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பனை ஓலையும் தகரமுமாக ஒரு கொட்டகை, வாசலில் ஒரு வேப்பமரம். ஞானதிரவியத்துக்கு அறுபதுக்குப் பக்கத்தில் வயது இருக்கும். ஒல்லியான ஆள். காதில் பென்சில். "வாங்க சார், வாங்க! ஏ, இளநி வெட்டு, சார்வாள் வந்தாச்சி" என்று மனைவியைக் கூப்பிட்டார். நான் இளநீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன். கண் கொட்டகைக்குள் போயிற்று, மெஷின் எங்கே என்று பார்க்க.

உள்ளே நீள நீளமாகப் பெட்டி. மூன்று பெட்டி சுவரில் சாய்த்து நின்றது, நாலாவது இரண்டு கட்டைக்கு மேலே கிடந்தது. துணி வைக்கிற பெட்டி இவ்வளவு நீளமாகவா இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். ஜெசிந்தாவின் வீட்டுக்காரர் அப்போதுதான் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அவர் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். கையெடுத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

சவப்பெட்டி அக்கா. அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பத்துப் பதினைந்து ஊருக்கு அவர்தான் செய்து கொடுக்கிறார்.

"காலங்காத்தால எல்லாரும் காப்பி குடிச்சிக்கிட்டே குரூப்பத் தொறப்பாங்க. அதுல போயி இத முழுசாக் காட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றார் ஞானதிரவியம். "அதான் மூலைய மட்டும் போடுதது. மூலைக்கி ஒரு பயமும் கெடயாது பாத்துக்கிடுங்க."

"மண்ணுக்குள்ள போறதுக்கு எதுக்குங்க இத்தனை நுணுக்கம்? நாலு ஆணி அடிச்சாப் போதாதா?" என்று நான் மடக்கினேன்.

"ஆணி அடிச்ச பெட்டி தூக்கையில கிரீச்சுனு சத்தம் போடும் சார். தூக்குதவன் பயந்து கீழ போட்டுருவான்" என்றார். சிரிக்கவில்லை. நிஜமாகவே சொன்னார்.

சரி, பெட்டி புரிந்தது. ஆனால் வெட்டுகிறது யார்? அது தெரியவில்லையே. நான் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுக்கலாமா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். ரத்தினபாய் டீச்சர் காலையில் தவறிவிட்டார்களாம், சாயங்காலம் நான்கு மணிக்கு அடக்கம். வந்தவர் அவர்களுடைய மகன். "ஆறடியாவே போட்டிருங்கண்ணே, கௌரவமா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞானதிரவியம் சுவரில் சாய்ந்திருந்த பெட்டிகளைத் தொடவில்லை, புதுப் பலகையை இறக்கினார். அந்த டீச்சர் அவருக்கு மூன்றாம் வகுப்பு எடுத்தவர்களாம், புதிதாகத்தான் செய்வாராம். அப்புறம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஆள் இருக்கையில எனக்கென்ன? மேடம், நீங்க மூடிய உப்புத்தாள் போட்டுத் தேச்சிருங்க. அண்ணாச்சி, நீங்க உள்ள அடிக்கித துணிய அளந்து வெட்டுங்க. சார், ரெண்டு பக்கப் பலகைக்கும் ஒங்க கையால பல்லு வெட்டிக் குடுத்திருங்க. அந்த மேசைக்கு முன்னால இதெல்லாம் ஒங்களுக்கு எம்மாத்திரம்?"

என் கையில் ரம்பத்தைக் கொடுத்துவிட்டார்.

பொறி என்று எனக்குத் தெரிந்துவிட்டது அக்கா. மூன்று பேரும் சேர்ந்து வைத்த பொறி. என்னை வரவழைத்தது இதற்குத்தான், ஜெசிந்தா கேட்ட கேள்வி இதற்குத்தான். சாவு மட்டும் எப்படிச் சரியாக அந்த நேரத்துக்கு வந்தது என்பதுதான் புரியவில்லை. அதையும் ஏற்பாடு செய்திருப்பார்கள் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சிரிக்காதீர்கள்.

மணிக்கட்டில் வலி என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொன்னால் அதுவே சாட்சி ஆகிவிடும். ஒரு வருஷமாக அந்தக் குரூப்பில் எனக்கு ஒரு பேர் இருக்கிறது. யாராவது சந்தேகம் கேட்டால், "குமணன் சாரக் கேளுங்க" என்பார்கள். இந்த வயதில், ஊரும் வேலையும் மாறி வந்து, எனக்கென்று இங்கே இருந்தது அந்த ஒரு மரியாதைதான். அதை அந்தக் கொட்டகையில் போட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. கோடு போட்டேன். வீடியோவில் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். பல் எங்கே, பள்ளம் எங்கே என்று பென்சிலால் பிரித்தேன். அறுத்தேன். கோட்டை விட்டு விலகவில்லை. உளி வைத்துத் தட்டித் தட்டி எடுத்தேன். முக்கால் மணி நேரம். சட்டை நனைந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தால் எனக்கே பெருமையாக இருந்தது, அவ்வளவு சுத்தமான வெட்டு.

பள்ளத்தை விட்டுவிட்டுப் பல்லை வெட்டி எடுத்திருந்தேன்.

உங்களுக்கு எப்படிச் சொல்வது? எடுக்க வேண்டியது அப்படியே இருக்கிறது, இருக்க வேண்டியது தரையில் கிடக்கிறது. எது போகவேண்டிய பகுதியோ அதன்மேல் பெருக்கல் குறி போட்டுவிட்டுத்தான் ரம்பத்தையே தொட வேண்டும். முதல் நாள் பாடம் அது. நான் போடவில்லை. இரண்டு பலகையும் போயிற்று. மணி ஒன்று.

உப்புத்தாள் சத்தம் நின்றது. ஜெசிந்தா எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்பிக்கொண்டார். ஞானதிரவியம் வந்து பலகையை எடுத்து, முனையைத் தடவி, திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். இதோ சொல்லப் போகிறார், இதோ சொல்லப் போகிறார்.

"டீச்சர் நாலடி பத்தங்குலந்தான் சார்" என்றார். "ஆறடிப் பெட்டில போட்டா உருண்டுக்கிட்டுல்லா கெடப்பாங்க. நானே கொறைக்கணும்னுதான் இருந்தேன். மகன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

இரண்டு பலகையிலும் நான் வெட்டின முனையைச் சேர்த்து ஐந்து அங்குலம் அறுத்துத் தள்ளினார். காதுப் பென்சிலை எடுத்தார், கோடு போட்டார். பெருக்கல் குறி போட்டார். அதைக் கொஞ்சம் அழுத்திப் போட்ட மாதிரி எனக்குப் பட்டது. பிறகு வெட்டினார். கையால்தான் வெட்டினார் அக்கா, என் கண் முன்னால். ஒரு மூலைக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. இறக்கினால் காற்றுப் போகவில்லை. சரி, அந்தச் சந்தேகம் அதோடு முடிந்தது. நான் ஒத்துக்கொள்கிறேன். எனக்கு ஒத்துக்கொள்வதில் எப்போதும் தயக்கம் கிடையாது.

மூன்றேகாலுக்குப் பெட்டி லோடு ஆட்டோவில் ஏறியது. ஞானதிரவியமும் கூடவே போய் அடக்கம் முடித்துவிட்டு ஐந்து மணிக்கு வந்தார். அதற்கப்புறம்தான் சாப்பாடு. மீன் குழம்பு. நான் அவர் சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் கை வைத்தேன், பழக்கம்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தோம். அவர் ரொம்பச் சாதாரணமாக, வெயிலைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஆரம்பித்தார்.

"சார், அந்த மேசையச் செஞ்ச ஆசாரி இப்பம் எங்க இருக்காரு?"

"எந்த ஆசாரி?" என்றேன்.

"மேசைக்கி அடியில எடுத்து ஒரு படம் போட்டீங்கல்லா, அதுல காலுக்குக் காலு உளியால கீறி அடையாளம் வச்சிருக்கு. ஒண்ணாங் காலுக்கு ஒரு கீறு, ரெண்டாங் காலுக்கு ரெண்டு கீறு. படிச்ச ஆளுக பென்சில்ல ஏ பி சி டின்னு போடுவாங்க. உளியால கீறுதது எங்கள மாதிரி ஆளு."

ஒரு வருஷமாகத் தெரியுமாம்! நான் படம் போட்ட அன்றைக்கே தெரியுமாம்.

"தெரிஞ்சும் ஏன் நீங்க சொல்லல?"

"என்னத்துக்குச் சொல்ல? நானுந்தான பெட்டிய மறச்சி மூலையப் போடுதேன்."

கவனித்தீர்களா அக்கா? உன் ரகசியம் என்னிடம், என் ரகசியம் உன்னிடம் என்கிறார். மிரட்டல் இல்லாமல் வேறென்ன? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். உடனே ஜெசிந்தாவைப் பார்த்தேன், சாட்சிக்கு ஆள் இருக்கிறதே என்று. அந்த அம்மா பல் குத்திக்கொண்டே, "குரூப்ல எல்லாருக்குமே தெரியும் சார்" என்கிறார். "நீங்களா எப்பச் சொல்றீங்கன்னு பாத்துட்டு இருக்கோம்."

எல்லாருக்கும்! இருநூற்றுப் பதினொரு பேருக்கும்! அன்று சாயங்காலம் அந்தப் படத்துக்குக் கீழே வந்திருந்த பாராட்டை எல்லாம் முதலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். "அருமையான வேலை." "என்ன ஒரு கை!" "கும்பிடணும் போல இருக்கு." ஒருத்தர்கூட நீங்கள் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வேலையைத்தான் பாராட்டியிருக்கிறார்கள். ஒரு வருஷமாக எனக்கு அது கண்ணில் படவில்லை. இவ்வளவு சந்தேகப்படுகிற எனக்கு!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞானதிரவியம் என்னை எழுப்பிக் கொட்டகையின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அன்றைக்குச் செய்த மாதிரியே இன்னொரு பெட்டி. அதன் கைப்பிடியைக் காட்டினார். கைப்பிடிக் கட்டையின் நாக்கு பலகைக்குள் இறங்கி, உள்ளே சாய்வாக ஒரு ஆப்பு.

"போன வருசம் ஒரு பெட்டில கைப்பிடி கழண்டுட்டு சார். நடுரோட்டுல. பெட்டி சரிஞ்சி, செத்தவரு வீட்டுப் பொம்பள அழுத அழுக இன்னும் காதுல கேக்கு. ரெண்டு மாசம் நான் உளியத் தொடல. தொழிலையே விட்டிரலாம்னு இருந்தேன். அப்பந்தான் ஒங்க மேசைப் படம் வந்திச்சி. அந்தச் சாஞ்ச ஆப்பப் பாத்தேன். கண்டுக்கிட்டேன். பொறவு ஒண்ணுகூடக் கழலல."

கொட்டகையின் பின்சுவர் மட்டும் சுண்ணாம்பு அடித்த கல் சுவர். அதில் ஒரு ஓரத்தில் பென்சிலால் ஆறேழு ஆட்களுடைய பேர் எழுதியிருந்தது. யாரிடம் ஒரு வேலை கற்றுக்கொண்டாலும் அவர்கள் பேரை அங்கே எழுதிவைப்பாராம். முதல் பேர் அவர் அப்பா. கடைசியில் ஒரு இடம் ஒரு வருஷமாகக் காலியாக விட்டிருந்தார்.

"அந்த ஆசாரி பேரு என்ன சார்? அதக் கேக்கத்தான் ஒங்கள நேர்ல வரச் சொன்னது. குரூப்புல கேட்டா ஒங்களுக்குச் சங்கடமா இருக்கும்லா."

பென்சிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பதினேழு நாள் என் வீட்டில் வேலை செய்திருக்கிறார் அக்கா. காலையில் ஒன்பது மணிக்கு வருவார், சாயங்காலம் ஆறுக்குப் போவார். டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்பது தெரியும். இடது கை பழக்கம் என்று தெரியும். ஆசாரி என்று கூப்பிடுவேன், திரும்புவார். போனிலும் அப்படித்தான் பதிந்துவைத்திருக்கிறேன். அதுவே போதுமாக இருந்தது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஜெசிந்தா பக்கத்தில் நிற்கிறார், அவர் வீட்டுக்காரர்கூட முழித்துக்கொண்டிருக்கிறார். என் வாய் தானாகவே, "பழனிவேல்" என்றது.

ஞானதிரவியம் அந்தப் பேரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு திரும்பி, ஒவ்வொரு எழுத்தாக, குழந்தைக்கு எழுதிக் காட்டுகிற மாதிரி எழுதினார். பழனிவேல், திருச்சி. எழுதிவிட்டுப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. உலகத்தில் இல்லாத ஒரு ஆளுக்கு அந்த மனுஷன் தினமும் காலையில் கும்பிடு போட்டுவிட்டு வேலை ஆரம்பிப்பார். அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டு இந்தச் சந்துக்குள் யாரும் இவரைத் தேடி வரவும் முடியாது. திரும்பி வந்ததும் ஆசாரி நம்பருக்குப் போட்டேன், உபயோகத்தில் இல்லை என்கிறது. மரக்கடையில் போய்க் கேட்டேன். "வரகனேரி, இஸ்திரி வண்டிக்கு எதிர் வீடு" என்றார் கடைக்காரர். பேரைக் கேட்க வெட்கமாக இருந்தது. பதினேழு நாள் வேலை வாங்கியவன் பேர் கேட்டால் என்ன நினைப்பார்?

அதனால் உங்களைக் கேட்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். அவர் பேர் என்ன?

நூர்தீனா?

நூர்தீன்? நிச்சயமாகவா? எதிர் வீடுதானே, இந்த நீலக் கதவு? இருங்கள், இருங்கள். வெள்ளிக்கிழமையானால் மத்தியானம் பன்னிரண்டரைக்கு எங்கேயோ போய்விட்டு இரண்டு மணிக்கு வருவார். வேறு எங்கேயோ இன்னொரு வேலை ஒத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன். ஒரு தடவை பின்னாலேயே போய்ப் பார்க்கலாமா என்றுகூட இருந்தேன். பதினேழு நாளும் ஆசாரி, ஆசாரி என்றிருக்கிறேன். அவர் ஒரு தடவைகூடத் திருத்தவில்லை. ஏன் திருத்தவில்லை? ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

என்ன சொல்கிறீர்கள்? நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரா?

அது சரிதான்.

இனிஷியல் என்ன? தெரியாதா? பரவாயில்லை, அவரிடமே கேட்கிறேன். குரூப்பில் அதே படத்தைத் திரும்பப் போட்டு, கீழே பேரை எழுதிவிடுகிறேன். இதோ, தட்டிவிட்டேன் பாருங்கள்: "செய்தவர் நூர்தீன், வரகனேரி, திருச்சி." இன்னும் அனுப்பவில்லை. அதற்குக் கீழே "டிசைன் குமணன்" என்று ஒரு வரி போட்டால் தப்பா? ஆப்பு என் டிசைனில் இல்லைதான். ம்… வேண்டாமா? நீங்கள் வேண்டாம் என்கிறீர்கள். சரி, எடுத்துவிட்டேன். ஞானதிரவியத்துக்கும் போன் பண்ணி, சுவரில் இருக்கிற பேரை அழிக்கச் சொல்ல வேண்டும். அழிப்பதற்கு முன்னால் அது யார் பேர் என்று அவர் கேட்பார். கேட்கட்டும்.

அந்தச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவரா? அதோ வருகிறாரே, அவர்தான். ஆமாம், அதே நடை. நான் எழுந்து நிற்கட்டுமா, உட்கார்ந்தே இருக்கட்டுமா? என்னவென்று கூப்பிடுவது? நூர்தீன் அண்ணே என்றா, பாய் என்றா? நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்?

என்னைப் பார்த்துவிட்டார்.

சிரிக்கிறார் அக்கா. எதற்குச் சிரிக்கிறார்?